முட்டையை நம்பாத தடுப்பூசி

ஐந்தாறு வார வயதுச் செடிகள் தட்டுத் தட்டாகத் தலைகீழாகக் கவிழ்க்கப்படுகின்றன. வேர்ப்பகுதி மேலே, இலைகள் கீழே, கலங்கலான ஒரு திரவத்துக்குள். கலத்தின் கதவை இறுக மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுகிறார்கள். இலையின் அடிப்புறத்து நுண்துளைகளிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பி மேலே வருகின்றன. பிறகு சட்டென்று காற்றைத் திறந்துவிட்டதும், இலைக்குள் காலியான இடமெல்லாம் அந்தத் திரவம் பாய்ந்து நிறைகிறது. உள்ளே போகும்போது இளம்பச்சையாக இருந்த இலை, வெளியே வரும்போது மழையில் ஊறிய துணியாகக் கருத்து, கனத்துத் தொங்குகிறது. செடியை நிமிர்த்தி வைத்து, விளக்கொளியில் ஐந்தாறு நாள் விட்டுவிடுகிறார்கள். அதன்பின் அந்த இலையை அரைத்துப் பிழிந்தால், அந்தச் சாற்றுக்குள் கோழிக்கான தடுப்பு மருந்து இருக்கும்.

செடியின் பெயர் நிக்கோட்டியானா பெந்தாமியானா. புகையிலையின் நெருங்கிய உறவு. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் தானாக முளைப்பது. அந்தத் திரவத்தில் இருப்பது அக்ரோபாக்டீரியம் என்ற மண்வாழ் பாக்டீரியா. செடியின் செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதற்குப் பிறவிக் குணம். அந்தக் குணத்தைப் பயன்படுத்தி, வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்துக்கான மரபணுவை அதன்மீது ஏற்றி அனுப்புகிறார்கள். செடியின் செல்கள் அதைத் தம்முடையதாகவே எடுத்துக்கொண்டு அந்தப் புரதத்தைச் செய்து குவிக்கின்றன. இலையில் உருவாவது வைரஸின் சட்டை மட்டுமே. உள்ளே ஆள் இல்லை. சட்டையைப் பார்த்தே எதிரியை அடையாளம் காண கோழியின் உடல் பழகிக்கொள்கிறது.

பறவைக் காய்ச்சல் பரவும் ஒவ்வொரு முறையும், முட்டை விலை ஏறும் ஒவ்வொரு முறையும், "மனிதனுக்கு ஊசி போட முடிகிறது, கோழிக்குப் போட்டால் என்ன?" என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு இந்த இலைக்குள் ஒரு நல்ல பதில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அப்படியானால் இருபது ஆண்டுகளாக அது ஏன் பண்ணைக்கு வந்து சேரவில்லை? தாவரத் தடுப்பூசி முதலில் களமிறங்கியது அதற்குப் பொருந்தாத நோயில். அங்கே வென்றும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அதற்கு உரிய இடம் பறவைக் காய்ச்சல்.

வென்றும் விலைபோகாத மருந்து

2006-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண்துறை ஒரு மருந்துக்கு ஒப்புதல் வழங்கியது. தாவர செல்லில் செய்த தடுப்பூசி ஒன்றுக்கு உலகில் எந்த அரசும் கொடுத்த முதல் அங்கீகாரம் அதுதான். மனிதனுக்கான மருந்து அல்ல அது, கோழிக்கானது. நோய், நம் ஊர்களில் வெள்ளைக் கழிச்சல் என்று சொல்லப்படும் ராணிக்கெட். டவ் அக்ரோசயின்ஸஸ் நிறுவனம் புகையிலைச் செல்களைத் தொட்டியில் வளர்த்து, அந்த வைரஸின் எச்.என். என்ற மேலுறைப் புரதத்தை அவற்றுக்குள் உற்பத்தி செய்து, ஊசி மருந்தாக்கியது. ஊசி போட்ட கோழிகளுக்கு நோய்க்கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள், கோழிகள் தாக்குப்பிடித்தன. ஒப்புதலும் வந்தது. ஆனால் அந்த மருந்து ஒருநாளும் கடைக்கு வரவில்லை. இந்த வழியில் தடுப்பூசி செய்ய முடியும், அரசின் சோதனைகளையும் தாண்ட முடியும் என்று காட்டிவிட்டு நிறுவனம் அதோடு நின்றுகொண்டது.

காரணம் அறிவியலில் இல்லை, நாமக்கல்லில் எந்த முட்டைக்கோழி (லேயர்) பண்ணைக்குப் போனாலும் கண்ணெதிரே இருக்கிறது. காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீரை நிறுத்திவைத்துக் கோழிகளுக்குத் தாகம் எடுக்க விடுகிறார்கள். தொட்டித் தண்ணீரில் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கலக்குகிறார்கள். தண்ணீரில் குளோரின் இருந்தால் அது மருந்தைக் கெடுக்காமலிருக்க. பிறகு சின்னக் குப்பியைத் திறந்து லசோட்டா என்ற தடுப்பு மருந்தைக் கலந்து விடுகிறார்கள். ஒரு குப்பி, ஆயிரம் கோழி. யாரும் எந்தக் கோழியையும் கையில் பிடிக்க வேண்டியதில்லை. வீரியம் குறைந்த உயிருள்ள வைரஸ் என்பதால் கோழிக்குள் அது தானே பெருகி வேலையைச் செய்துவிடும். ஒரு கோழிக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். இதற்கு எதிரே, ஒவ்வொரு கோழியையும் பிடித்து ஊசி குத்த வேண்டிய, தொட்டியில் வளர்த்துச் சுத்திகரித்த ஒரு புரதத்தை வைத்தால் எந்தப் பண்ணையாளர் வாங்குவார்? ராணிக்கெட்டுக்கு மலிவான, பழகிய, நல்ல மருந்து ஏற்கெனவே இருந்தது. புதியது அதைவிட எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும் அங்கே அதற்கு வேலை இல்லை.

கொல்லைப்புறக் கோழிக்காவது அது உதவியிருக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டுக்கு ஐந்தும் பத்துமாகக் கோழி வைத்திருக்கும் பெண்களுக்கு வெள்ளைக் கழிச்சல் வெறும் சீக்கு அல்ல. மாசி, பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கும்போது, முந்தின நாள் வரை குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழி இறக்கையைத் தொங்கப்போட்டுத் திண்ணையோரம் ஒடுங்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். சிலதுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். ஒரு வாரத்துக்குள் கூடை காலி. அங்கே தடையாக நிற்பது மருந்தின் தரம் அல்ல, குளிர்பதனமும் குப்பியின் அளவும். நூறு கோழிக்கான குப்பியை எட்டுக் கோழி வைத்திருப்பவர் திறந்தால், மீதி சில மணி நேரத்தில் வீண். அதனால்தான் தமிழக கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஊர் ஊராக முகாம் நடத்திப் போடுகிறது. வெப்பத்தைத் தாங்கும் வி4, ஐ-2 போன்ற உயிருள்ள வைரஸ் வகைகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள்; ஐ-2 ஆப்பிரிக்கக் கிராமங்களில் கண்சொட்டாகவே பயன்படுகிறது. ஆக, கொல்லைப்புறத்திலும் இலை மருந்துக்கு மலிவான போட்டியாளர் உண்டு.

பெட்டிச் செய்தி: ஒரே மலையில் நோயும் மருந்தும்

1926-இல் இந்தோனேசியாவின் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானது. அதனால் உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. அடுத்த ஆண்டே குமாவுன் மலைப்பகுதியின் ராணிக்கெட்டில் தலைகாட்டியதால் இந்தியாவில் ராணிக்கெட். அதே குமாவுனில் இருக்கும் முக்தேசுவரின் பெயர்தான், இந்தியாவில் உருவாக்கி, வளர்ந்த கோழிகளுக்கு இன்றும் ஊசியாகப் போடும் தடுப்பு வைரஸுக்கும் நிலைத்தது. தமிழகத்தில் கால்நடைத் தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கும் ராணிப்பேட்டை நிலையம் 1932-இல் தொடங்கியது.

தின்னக் கொடுத்தால் போதாதா?

தாவரத் தடுப்பூசி என்றதும் பலர் மனத்தில் எழும் படம் வேறு: தீவனத்தோடு தீவனமாக மருந்து. அந்தக் கனவு 1990-களில் பிறந்தது. 1992-இல் சார்லஸ் ஆர்ன்ட்சனின் குழு மஞ்சள்காமாலை-பி வைரஸின் புரதத்தைப் புகையிலைச் செடியில் விளைவித்துக் காட்டியபோது, வாழைப்பழத்தில் தடுப்பூசி என்ற பேச்சு உலகெங்கும் ஓடியது. மனிதன் சமைத்துத் தின்பவன். சூட்டில் புரதம் கெட்டுவிடும். கோழி பச்சையாகவே தானியத்தைக் கொத்துவது. அதனால் கோழிதான் இதற்கு ஏற்ற பிராணி என்ற எண்ணம் இயல்பாகவே வந்தது. சீன ஆய்வாளர்கள் கோழியின் மூச்சுக்குழல் அழற்சி வைரஸின் புரதத்தை உருளைக்கிழங்கில் விளைவித்துக் கோழிகளுக்குக் கொடுத்தார்கள். கம்போரோ என்ற கோழி நோயின் வைரஸிலுள்ள விபி2 புரதத்தை நெல்மணியில் ஏற்றி 2007-இல் அவர்கள் வெளியிட்ட சோதனையில், அரிசி தின்ற கோழிகளில் பெரும்பாலானவை நோயிலிருந்து தப்பின.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆயிரம் கோழி இருக்கும் ஷெட்டில் வலுத்த கோழி அதிகம் தின்னும், நலிந்தது ஒதுங்கி நிற்கும். தடுப்பு மிக அவசியமானது அந்த நலிந்ததற்குத்தான். கல்லும் தானியமும் சேர்த்து அரைக்கும் வயிற்றைக் கடந்து கொஞ்சமாவது புரதம் உருக்குலையாமல் குடலைச் சேர, ஊசியில் போடுவதைவிடப் பல மடங்கு அதிகமாகக் கொடுக்க வேண்டும். தீனியாக நாள்தோறும் உள்ளே போகும் புரதத்தை உடல் எதிரியாகப் பார்க்காமல் சோறாகவே பழகிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து விளையும் நெல் நம் சாப்பாட்டு நெல்லோடு கலந்தால் என்ன ஆகும்? இது கற்பனை பயம் அல்ல. 2002-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், பன்றிக்கான தடுப்பு மருந்து ஏற்றிய மக்காச்சோளத்தின் எச்சம் அடுத்த பருவத்தில் சோயாவோடு கலந்துவிட, 5 லட்சம் புஷல் சோயாவை அழிக்க நேர்ந்தது. புரோடிஜீன் என்ற அந்த நிறுவனம் 2.5 லட்சம் டாலர் அபராதமும், அழிப்பதற்கான செலவும் கட்டியது. உண்ணும் பயிரில், திறந்த வயலில் மருந்து விளைவிக்கும் வழியை விட்டுவிடுவதே சரி என்பது என் தீர்மானமான கருத்து. மூடிய கூடத்தில், யாரும் தின்னாத செடியில், விதை விடுவதற்கு முன்பே அறுத்துவிடும் வழி இருக்கும்போது அந்த ஆபத்தை ஏற்க வேண்டிய தேவையே இல்லை.

முட்டை தீர்ந்த நாடு

2023-இன் நடுவில் தென்னாப்பிரிக்காவின் லேயர் பண்ணைகளில் எச்7என்6 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் புகுந்தது. கூடவே எச்5என்1-உம். நோயால் செத்ததும் கொன்று புதைத்ததுமாக 70 லட்சத்துக்கும் மேல் கோழிகள் போயின. அந்த ஆண்டின் செப்டம்பர், அக்டோபரில் பெரிய அங்காடிகளின் முட்டை அடுக்குகள் வெறிச்சோடின. ஒருவருக்கு இத்தனை முட்டைதான் என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார்கள். அமெரிக்காவில் 2022 பிப்ரவரி தொடங்கி 2025 வரை 16 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் இந்த நோயால் அழிந்தன. 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6 டாலரைத் தாண்டியது.

ராணிக்கெட்டில் கைகொடுத்த வழி இங்கே மூடியிருக்கிறது. பறவைக் காய்ச்சலுக்கு உயிருள்ள வைரஸைக் குடிதண்ணீரில் கலந்து கொடுக்க முடியாது. இந்த வைரஸ்கள் ஒன்றோடொன்று மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்பவை. வீரியம் குறைந்தது என்று நாம் விட்டது நாளை வீரியத்தோடு திரும்பலாம், மனிதனுக்கும் தாவலாம். ஆகவே கொன்று செயலிழக்கச் செய்த வைரஸ், அல்லது அதன் புரதம்தான் முக்கிய வழி. கொன்ற வைரஸ் தடுப்பூசியைப் பெரும்பாலும் எதில் வளர்க்கிறார்கள்? கருவுற்ற கோழி முட்டையில். பத்து நாள் கருவுள்ள முட்டையின் ஓட்டைத் துளைத்து வைரஸைச் செலுத்தி, பெருகிய பின் அந்த நீரை உறிஞ்சி எடுக்கிறார்கள். கோழிகள் கொத்துக் கொத்தாகச் சாகும் காலத்தில், கோழியைக் காக்கும் மருந்துக்கு ஆரோக்கியமான கோழியின் முட்டைதான் மூலப்பொருள். நெருக்கடியின் உச்சத்தில் அறுந்துபோகக்கூடிய சங்கிலி இது. மாறிவிட்ட வைரஸுக்கு ஏற்ப முட்டையில் நன்றாக வளரும் ஒரு வகையைத் தேடித் தேற்றவும் காலம் பிடிக்கும்.

இலை இந்த இரண்டு முடிச்சையும் அவிழ்க்கிறது. பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் சீலியா அபோல்னிக்கும், சி.எஸ்.ஐ.ஆர். என்ற தென்னாப்பிரிக்க அரசு ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, அந்நாட்டுக் கோழிகளில் இருபது ஆண்டுகளாகச் சுற்றிவரும் எச்6என்2 வைரஸின் மேலுறைப் புரதத்தைப் பெந்தாமியானா இலையில் செய்தார்கள். 2020-இல் வெளியான அந்த ஆய்வில், ஊசி போட்ட கோழிகளிலிருந்து வெளியேறிய வைரஸின் அளவு, போடாதவற்றை ஒப்பிட 100 மடங்குக்கு மேல் குறைந்திருந்தது. பழைய வைரஸ் வகையிலிருந்து செய்து கடையில் விற்கும் தடுப்பூசி அந்த அளவுக்கு ஈடுகொடுக்கவில்லை. வைரஸ் மாறிவிட்டது, மருந்து மாறவில்லை. இலை வழியில் புதிய வகையின் மரபணு வரிசை கணினிக்கு வந்தால் போதும், அடுத்த சில வாரங்களில் செடியை முக்கிவிடலாம். வேகத்துக்கு ஒரு சாட்சி: கனடாவின் மெடிகாகோ நிறுவனம் 2012-இல் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பு வைத்த சோதனையில், மனிதர்களுக்கான 1 கோடிக்கும் மேற்பட்ட காய்ச்சல் தடுப்பு மருந்தளவுகளை ஒரே மாதத்தில் இலைகளிலிருந்து எடுத்துக் காட்டியது.

பெட்டிச் செய்தி: சட்டை தானே தைத்துக்கொள்ளும்

காய்ச்சல் வைரஸின் எச்.ஏ. புரதத்தைச் செடியின் செல்லில் செய்தால், அது சும்மா கிடப்பதில்லை. செல்லின் சவ்வை உள்ளிருந்து மொட்டுப்போலத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, சவ்வுக்கும் செல்சுவருக்கும் நடுவே உருண்டை உருண்டையாகச் சேர்கிறது. வடிவத்தில் அசல் வைரஸ் மாதிரியே இருக்கும் இந்த உருண்டைக்குள் பெருகுவதற்கான மரபணு கிடையாது. நோய் தரும் ஆற்றல் அதற்கு அறவே இல்லை.

ஆட்சேபங்கள்

ஊசி போட்ட கோழி நோய் வெளித்தெரியாமல் வைரஸைச் சுமந்து பரப்பும், அதனால் கொன்று அழிப்பதே மேல் என்பது பல நாடுகளின் நிலை. இந்தியாவின் நிலையும் அதுதான். இந்த அச்சத்தை ஒதுக்கித்தள்ள முடியாது. ஊசி போட்டுவிட்டுக் கண்காணிப்பைக் கைவிட்டால் அது நடக்கத்தான் செய்யும். ஆனால் இங்கேதான் இலை மருந்துக்கு ஒரு தனிச் சிறப்பு. அதில் மேலுறைப் புரதம் மட்டுமே இருக்கிறது. அசல் வைரஸ் தாக்கிய கோழியின் ரத்தத்தில் வைரஸின் உட்புறப் புரதங்களுக்கு எதிரான பொருள்களும் இருக்கும். ஊசி மட்டும் போட்ட கோழியில் அவை இருக்காது. ஒரு துளி ரத்தம் எது தொற்று, எது ஊசி என்று சொல்லிவிடும். முழு வைரஸைக் கொன்று செய்த மருந்தில் இந்த வேறுபாடு அவ்வளவு எளிதில் தெரியாது. தென்கொரியாவில் பன்றிகளுக்கு வரும் கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர் என்ற காய்ச்சலுக்குப் பெந்தாமியானாவில் செய்த தடுப்பூசி அனுமதி பெற்றுச் சந்தைக்கே வந்துவிட்டது. அதன் பெயரிலேயே இந்த அடையாளம் காட்டும் குணத்தைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஊசி போட்டால் ஏற்றுமதி போய்விடும் என்பது அடுத்தது. பிரான்ஸ் 2023 அக்டோபரில் பண்ணை வாத்துகளுக்கு ஊசி போடத் தொடங்கியதும் அமெரிக்கா இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது உண்மை. அதே பிரான்ஸில் 2022-23 பருவத்தில் 396 பண்ணைகளில் தொற்று. ஊசிக்குப் பின் 2023-24-இல் 10. வைரஸின் நடமாட்டமே அந்த ஆண்டு ஐரோப்பாவில் குறைவு என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும் அது சின்ன வித்தியாசம் இல்லை. பிரான்ஸ் பயன்படுத்தியவற்றில் ஒன்று பூச்சி செல்லில் செய்த எச்5 புரதம். அதாவது, சட்டை மட்டும் போதும் என்ற கொள்கை ஒரு நாடளவில் சோதிக்கப்பட்டுவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் கட்டுப்பாட்டைத் தளர்த்தவும் செய்தது.

பூச்சி செல் இருக்கும்போது இலை எதற்கு? இதுதான் இருப்பதில் வலுவான ஆட்சேபம். பூச்சி செல்லுக்குக் கிருமி நீக்கிய பெரிய எஃகுத் தொட்டிகளும் விலையுயர்ந்த ஊட்ட நீரும் வேண்டும். செடிக்குக் கண்ணாடிக்கூடமும் தண்ணீரும் விளக்கும் போதும். உற்பத்தியைக் கூட்ட வேண்டுமானால் இன்னும் சில தட்டுச் செடி. ஆனால் இலைச் சாற்றிலிருந்து புரதத்தைப் பிரித்துச் சுத்தம் செய்யும் செலவுதான் பெரிது. கோழிக்கான மருந்தின் விலை வரம்புக்குள் அதை அடக்கிக் காட்டும் பெரிய ஆலை இன்னும் எழவில்லை. மெடிகாகோவின் கதி அச்சமூட்டுவதுதான்: அதன் இலைவழிக் கொரோனா தடுப்பூசிக்குக் கனடா 2022 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தது, ஓராண்டில் உரிமையாளரான மிட்சுபிஷி நிறுவனம் கடையைக் கட்டியது. ஆனால் அங்கே மருந்து தோற்கவில்லை. தாமதமாக வந்ததால் சந்தை நிரம்பியிருந்தது. சிகரெட் நிறுவனம் ஒன்று பங்குதாரராக இருந்ததால் உலக சுகாதார நிறுவனமும் ஏற்க மறுத்தது. லாபக் கணக்கு மட்டுமே தீர்மானிக்கும் இடத்தில் இத்தகைய மருந்து உயிர்வாழாது என்பதைத்தான் டவ்வும் மெடிகாகோவும் காட்டுகின்றன. ராணிப்பேட்டை போன்ற அரசு நிலையங்கள் லாபத்துக்காகத் தொடங்கப்பட்டவை அல்ல. இந்த வேலை அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

நாமக்கல் கணக்கு

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாகப் பறவைக் காய்ச்சல் உறுதியானதிலிருந்து இந்தியாவின் நடைமுறை அழிப்பதுதான். இப்போதைய விதி: தொற்று உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் இருக்கும் பறவைகளை அழி, பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணி. அந்த ஒரு கிலோமீட்டருக்குள் நோயே வராத பண்ணையும் வரும், கூடையில் அடைகாத்துக் கிடக்கும் நாட்டுக்கோழியும் வரும். மத்திய, மாநில அரசுகள் பாதிப்பாதியாக இழப்பீடு தருகின்றன; ஆனால் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும் ஷெட்டுக்கும், வேலை போன ஆட்களுக்கும், வங்கித் தவணைக்கும் அந்தப் பணம் எட்டாது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 85 கோடிக் கோழியினங்களில் 12 கோடிக்கும் மேல் தமிழகத்தில். பண்ணைகள் நெருக்கமாக நிற்கும் நாமக்கல்லில் ஒரு கிலோமீட்டர் என்பது சின்ன வட்டம் அல்ல. அங்கே முட்டை நின்றால் அடுத்து நிற்பது பள்ளிச் சத்துணவுத் தட்டில் முட்டை.

எல்லாக் கோழிக்கும் ஊசி என்று நான் சொல்லவில்லை. நாற்பது நாளில் கறிக்குப் போகும் பிராய்லருக்கு அது கட்டுப்படியாகாது. லேயரின் நிலை வேறு. ஓராண்டுக்கு மேல் முட்டையிடும் அந்தக் கோழியை, கூண்டு மாறும் பதினாறு பதினெட்டு வாரத்தில் எப்படியும் ஒருமுறை கையில் பிடித்து, கொன்ற வைரஸ் மருந்துகளை ஊசியாகப் போடுகிறார்கள். புதிய ஆள் வேண்டாம், புதிய நாள் வேண்டாம். அதே கையில் இன்னொரு மருந்து. எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கும் வழி இருக்கிறது. எச்9என்2 என்ற வீரியம் குறைந்த வகைக்கு ஊசி போட இந்தியா ஏற்கெனவே அனுமதித்திருக்கிறது. போபாலில் உள்ள தேசிய ஆய்வு நிறுவனம் கொன்ற வைரஸ் தடுப்பூசியை உருவாக்கித் தனியார் நிறுவனங்களுக்குத் தந்துமிருக்கிறது. அதே எச்9 புரதத்தை இலையில் செய்து, போபால் மருந்தோடு அருகருகே வைத்து லேயர் கோழிகளில் ஒப்பிட்டுப் பார்க்கச் சட்டம் மாற வேண்டியதில்லை, கொள்கை மாற வேண்டியதில்லை. விலை என்ன, காப்பு எத்தனை மாதம், ரத்தச் சோதனை தொற்றையும் ஊசியையும் பிரித்துக் காட்டுகிறதா என்பதெல்லாம் எச்5என்1 வாசலுக்கு வருமுன்பே தெரிந்துவிடும்.

காலம் போதுமா என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பொரிப்பகத்தில் லேயர் குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவரும் அதே நாளில் பெந்தாமியானா விதையைத் தூவினால், ஆறாவது வாரம் செடி முக்குவதற்குத் தயார், ஏழாவது வாரம் இலை அறுவடை. அந்தக் குஞ்சு முதல் முட்டை இடுவதற்கு முந்தைய ஊசிக்கு அப்போதும் ஒன்பது வாரம் மிச்சமிருக்கும்.